சூசைராஜ் ஓட்டாத வண்டி

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் டிரைவர் சூசைராஜ் என்றால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். அவரைப் பற்றி அவர்கள் முதலில் சொல்லும் சேதியும் ஒன்றுதான். முதலாளி மகளை முன் சீட்டில் நிற்க வைத்து வண்டி ஓட்டி, பிள்ளையின் கண்ணைக் கெடுத்தவர். பத்து வருடமாக ஊர் நம்பிக்கொண்டிருந்த அந்தச் சேதியில், பிள்ளையின் கண் கெட்டது மட்டும்தான் நிஜம்.

சூசைராஜ் பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். ஏறிய இரண்டாம் வருடம், வேடசந்தூர் தாண்டிக் கரூர் ரோட்டில், அவர்கள் லாரிக்கு முன்னால் போன கார் ஒரு மாட்டு வண்டியில் போய் முட்டியது. பெரிய வேகம்கூட இல்லை. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு, பின்னால் இருந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. முன் சீட்டில் அப்பன் மடியில் உட்கார்ந்து வந்த இரண்டு வயதுப் பிள்ளையைச் சூசைராஜ்தான் தூக்கினார். தூக்கியபோது எப்படி இருந்தது என்று அவர் யாரிடமும் விவரித்ததில்லை. கல்யாணமான பிறகு ஜெசிந்தாவிடமும் சொன்னதில்லை.

1990இல் பழனிக்குமாரிடம் டிரைவராகச் சேர்ந்தார். பழனிக்குமார் வேடசந்தூர் மில்களில் நூல் எடுத்துச் சின்னாளபட்டித் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிற வியாபாரி. கலகலப்பான ஆள். டிரைவரை டீக்கடை வாசலில் நிற்க விடாமல் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்கிறவர். அவர் மனைவி அறிவுச்செல்வி சாணார்பட்டித் தமிழ் வாத்தியாரின் மகள். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். அவர்களுக்கு 1993இல் தீபா பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்ததே சூசைராஜ்தான். அன்றைக்கு முன் கதவைத் திறந்துவிட்ட பழனிக்குமாரிடம், "பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு முன்னாடி வேணாம் மொதலாளி, அம்மா பின்னாடி உக்காரட்டும்" என்றார். அறிவுச்செல்வி மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறிக்கொண்டார்.

அன்றிலிருந்து அது அந்த வண்டியின் வழக்கமானது. தீபா நடக்கத் தொடங்கிய பிறகு, பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் கால் வைக்கிற பள்ளத்தில் இரண்டு தலையணையைத் திணித்து வைத்தார் சூசைராஜ். பிரேக் போட்டால் பிள்ளை விழுந்தாலும் அதில்தான் விழும். ஆனால் பிள்ளைக்கு முன் சீட்டின் மேல்தான் கண். அப்பாவும் அவள் கட்சி.

"பின்னாடி உக்காந்தா கொமட்டுதுங்கிறா சூசை. முன்னாடின்னா ரோடு தெரியுது, காத்து வருது, செவனேன்னு வர்றா. ஊருல எல்லாப் பயலும் பிள்ளைய முன்னாடிதான்யா வச்சுக்கிட்டுப் போறான். நீ என்ன புதுசாச் சட்டம் போடுற?"

"கொமட்டுனா நிப்பாட்டி, எறக்கிக் காத்து வாங்க வச்சுக் கூட்டிட்டுப் போவோம் மொதலாளி. சடார்னு பிரேக் போட்டா பெரியவங்க நாமளே முன்னால போறோம். அவ என்ன எடை இருப்பா? அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"என் கை இருக்குல்ல? ஒரு கையில ஸ்டீரிங், ஒரு கையில பிள்ள."

"கையி நெனைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

பின்னால் உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வி, "அண்ணன் சொல்றதுதான் சரி" என்றார். "பத்து வயசு ஆகுற வரைக்கும் இவ பின்னாடிதான். அண்ணன் ஓட்டுனாலும் சரி, நீங்க ஓட்டுனாலும் சரி. பிள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க." பழனிக்குமார் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

1997இல் அம்பாசிடரைக் கொடுத்துவிட்டு வெள்ளை மாருதி வாங்கினார்கள். புது வண்டியைத் தானே ஓட்டுவதில் பழனிக்குமாருக்கு ஆசை அதிகம். ஞாயிற்றுக்கிழமை சூசைராஜுக்கு லீவு, சர்ச்சில் பூசைக்குப் போய்விடுவார். அன்றைக்கெல்லாம் முதலாளியே வண்டியை எடுப்பார். திங்கள்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கும்போது, முன் சீட்டின் மேல் சின்னச் செருப்பின் மண் தடம் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது முதலாளியிடமே கேட்டார். "ஒரு நாளு கேட்டு அழுதாய்யா, விடு. அவகிட்டப் போட்டுக் குடுத்துராத" என்று கண்ணடித்தார் பழனிக்குமார். அதற்குப் பிறகு சூசைராஜ் கேட்கவில்லை. தடம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஒரு வீட்டின் நிம்மதியைக் கெடுக்கிற வேலை டிரைவருக்கு எதற்கு என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

அந்த வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருமுனை மளிகைக் கடை மூக்கையா வந்து, போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். போனில் பழனிக்குமாரின் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வா சூசை. ஒடனே வா."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழனிக்குமார் சட்டை முழுக்க ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய ரத்தம் இல்லை. உள்ளே பிள்ளைக்கு நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடது புருவம் பிளந்துவிட்டது, கண்ணிலும் அடி, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எப்படி ஆச்சு மொதலாளி?"

"சித்தையன்கோட்டைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வாரேன். செம்பட்டி தாண்டி ஒரு பால்காரன் டிவிஎஸ்ஸக் குறுக்க விட்டுட்டான். பிரேக்க மிதிச்சேன்யா. முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. பாட்டுப் பாடிக்கிட்டு..." சூசைராஜ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருடத்தில் முதலாளியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்துப் பழனிக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அறிவுக்குச் சொல்லி விட்டுருக்கேன். அப்பனப் பாக்கச் சாணார்பட்டி போயிருக்கா. இப்ப வந்துருவா. சூசை, நான் ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லிராத. நீதான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிருவோம்."

"மொதலாளி..."

"பிள்ள தலையில கை வச்சுச் சொல்லிருக்கேன்யா. தெரிஞ்சா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவா. போனா வரமாட்டா, அவளப் பத்தி ஒனக்குத் தெரியாதா? ரெண்டே நாளு. பிள்ள தேறட்டும், அவ செத்த ஆறட்டும். நானே எல்லாத்தையும் சொல்லிர்றேன். என் குடும்பம் ஒன் கையிலதான் இருக்கு."

சூசைராஜ் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அறிவுச்செல்வி அழவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டார். அதைத்தான் முதலில் கேட்டார்.

"சூசைதான்" என்றார் பழனிக்குமார். "பூசை முடிஞ்சதும் வரச் சொல்லிருந்தேன். பாப்பா அழுதுச்சுன்னு முன்னாடி நிக்க விட்டுருக்கான். நான் பின்னாடி கண்ணசந்துட்டேன்."

அவர் அதை இவ்வளவு விவரமாகச் சொல்வார் என்று சூசைராஜ் எதிர்பார்க்கவில்லை. அறிவுச்செல்வி திரும்பினார். "நீங்களா, சூசையண்ணே?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. அடித்திருந்தால்கூட வாய் திறந்திருப்பார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, நம்ப முடியாத திகைப்பு. அதைப் பார்க்க முடியாமல் அவர் தலை தானாகக் குனிந்தது. குனிந்த தலையே பதிலாகிவிட்டது.

இரண்டு நாள் போனது. பத்து நாள் போனது. மதுரைக்கு வாடகைக் காரில் போய் வந்தார்கள். பிள்ளையின் இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், எழுத்துத் தெரியாது என்று ஆனது. "செத்த நாளு வீட்ல இரு சூசை, நான் சொல்லி அனுப்புறேன்" என்றார் பழனிக்குமார். சூசைராஜ் வீட்டில் இருந்தார். ஒரு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு அருகே வெள்ளை மாருதி நிற்பதைப் பார்த்தார். உள்ளே வேறு ஒரு டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

நேராகக் கடைக்குப் போனார். பழனிக்குமார் எழுந்து வெளியே வந்து, கடைப் பையன்கள் காதில் விழாதபடி ஓரமாகக் கூட்டிப் போனார்.

"சொல்லிர்றேன்னு சொன்னீங்களே மொதலாளி."

"இப்பத்தான்யா வீட்ல ஒழுங்கா அடுப்பு எரியுது. இப்பப் போயிச் சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். யோசிச்சுப் பாரு. ஒனக்கு வேலைதான வேணும்? எங்கிட்டுப் போயிக் கேட்டாலும் என் பேரச் சொல்லு. நான் நல்லபடியாச் சொல்லி விடுறேன்."

அதையும் நம்பினார். நத்தம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பேசினார், ஓட்டிக் காட்டினார், எல்லாம் பிடித்துப்போனது. மறுநாள் வரச் சொன்ன மேனேஜர் மறுநாள் உட்காரச் சொல்லவில்லை. "ஒங்க பழைய மொதலாளிக்கே போன் போட்டுக் கேட்டோம். ஆளு நல்ல ஆளுதான், ஆனா சின்னப் பிள்ளைகள நம்பி விட முடியாதுன்னு சொல்றாரு. என்னாங்க பண்றது?"

அன்றைக்கு மேட்டுப்பட்டிக்கு நடந்தே வந்தார். சைக்கிளைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜெசிந்தா கொதித்துப்போனாள். "அன்னைக்குப் பூசையில எம்பக்கத்துல நின்னீங்க. சாமியார் சாட்சி, மூக்கையா சாட்சி. நான் போறேன். அந்தம்மாகிட்ட நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்தப் பிள்ள பொறந்ததுல இருந்து நான் எப்படிக் கூட்டிட்டுப் போனேன்னு கூடவே உக்காந்து பாத்தவங்க. அவங்ககிட்ட நானே போயி நான் அப்படிப்பட்டவன் இல்லைன்னு சொல்லணுமா? என்னைக்காவது அவங்களாவே யோசிப்பாங்க."

கார் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகும். வாடகைக்குக் கூப்பிட வந்தவர்கள், பிள்ளைக்குட்டியோடு போகிற பயணம் என்றால், வேறு டிரைவரைக் கேட்டார்கள். கடைசியில் பேகம்பூர் சாகுல் ஹமீது, தான் ஓட்டிக்கொண்டிருந்த வேடசந்தூர் மில்லில் சொல்லி, பஸ் டிரைவராகச் சேர்த்துவிட்டார். காலையில் கிராமம் கிராமமாகப் போய் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி, சாயந்தரம் கொண்டுபோய் இறக்குகிற வேலை. ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய சூசைராஜ் வண்டி ஓட்டும்போது பேசிக்கொண்டே வருவார். இவர் பேசவில்லை.

பத்து வருடம் அப்படியே போனது. அறிவுச்செல்வி தானாகவே ஒரு நாள் யோசிப்பார் என்பதை மட்டும் அவர் விடவில்லை. எந்தப் பேச்சு வந்தாலும், "அந்தம்மா நல்லவங்க, அவங்களுக்குத் தெரியாது" என்பார். ஜெசிந்தா பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

2007 மே மாதம், சாகுல் ஹமீது ஒரு சேதி கொண்டு வந்தார். அறிவுச்செல்வி பி.எட். முடித்து, சாணார்பட்டியில் அப்பா விட்டுப்போன காலி மனையில் ஒரு நர்சரிப் பள்ளி தொடங்கியிருக்கிறாராம். சூசைராஜைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி விட்டிருக்கிறாராம்.

சூசைராஜ் அன்றைக்கு இரண்டு தடவை குளித்தார். வெள்ளைச் சட்டையை ஜெசிந்தா தேய்த்துக் கொடுத்தாள். "உண்மை வெளிய வந்துருச்சு போலங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் வெள்ளை அடித்து முடிக்கவில்லை. அறிவுச்செல்விக்குக் காதோரம் நரைத்திருந்தது. எழுந்து நின்று, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். பிறகு, "ஜூன்ல தொறக்குறோம். வேன் ஒண்ணு எடுத்துருக்கேன். எல்லாம் மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்க. நீங்க ஓட்டணும்" என்றார்.

"நானா?"

"ஒங்கள மாதிரிப் பிள்ளைகளப் பாத்துக் கூட்டிட்டுப் போற ஆளு இந்த ஊருல கெடையாதுண்ணே."

சூசைராஜுக்குக் கண் கலங்கியது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அம்மா, அன்னைக்கு அந்த வண்டிய நான் ஓட்டலம்மா" என்றார்.

"தெரியும்ணே."

"மொதலாளி சொல்லிட்டாரா?"

"அவரு எங்க சொன்னாரு. கட்டுப் பிரிச்ச அன்னைக்குப் பாப்பாவே சொன்னா. அப்பா பிரேக் போட்டாங்க, நான் முட்டிக்கிட்டேன்னு. அப்பறம் அந்தப் பால்காரரு, பொன்னழகுன்னு பேரு, பிள்ள எப்படி இருக்குன்னு பாக்க வீட்டுக்கே வந்தாரு. அவரும் சொன்னாரு."

"எப்ப?"

"அடிபட்டு மூணாம் மாசம்."

மூன்றாம் மாதம். பள்ளிக்கூடத்து மேனேஜர் திருப்பி அனுப்பியது நான்காம் மாதம். சூசைராஜ் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தார். வேறு எதுவும் தோன்றவில்லை.

"அப்ப ஏம்மா..."

அறிவுச்செல்வி மேஜையில் கிடந்த சாக்பீஸ் துண்டை நகர்த்தி வைத்தார். "தெரியும்னு நான் சொன்னா அதுக்கு மேல அந்த வீட்ல இருக்க முடியாதுண்ணே. பொய்ச் சத்தியம் பண்ணுன ஆளோட எப்படி இருக்குறது? போறதுக்கும் எனக்கு எடம் இல்ல. அந்த ஆவணியிலதான் அப்பா செத்துப்போனாரு, அப்ப எனக்கு வேலையும் இல்ல. நீங்கதான் ஓட்டுனீங்கன்னு வச்சுக்கிட்டா அவரோட உக்காந்து சாப்புட முடிஞ்சுச்சு. அவரும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, பயந்து, ஒழுங்கா இருந்தாரு."

"எம் பேரு என்னாச்சுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றார், மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "அவரு பிள்ளைய முன்னாடி ஏத்துறது ஒங்களுக்குத் தெரியும்தான? பாப்பா அதையும் சொன்னா, 'டிரைவர் மாமா சீட்டத் தொடச்சுருவாரு'ன்னு. அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா எம் பிள்ளைக்குக் கண்ணு இருந்துருக்கும்."

அது உண்மை. ஆனால் துடைத்த துணிக்கும் பத்து வருடத்துக்கும் எப்படிச் சரியாகும் என்றும் அவருக்குப் புரியவில்லை.

"சரிம்மா. நான் செஞ்சதும் தப்புத்தான். இப்பயாவது நாலு பேருக்குச் சொல்லலாம்ல? சூசை ஓட்டலன்னு?"

அறிவுச்செல்வி ஜன்னல் பக்கம் பார்த்தார். "இப்ப எதுக்குண்ணே? பாப்பா பெரிய பிள்ள ஆயிட்டா. அவங்கப்பா மேல உசுரா இருக்கா."

அப்போதுதான் தீபா இரண்டு டம்ளரில் மோர் கொண்டு வந்தாள். பதினாலு வயது. தடித்த கண்ணாடி. இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு. டம்ளரை நீட்டிவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான சூசை அங்கிள்? அப்போ வண்டி ஓட்டுனவங்க?"

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். நாலு வயதில் உண்மையைச் சொன்ன பிள்ளை. சொன்னதை மறக்கும் வரைக்கும், அதற்கு மேலேயும், வேறொன்றைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"எனக்கு ஒங்க மேல கோவமே இல்ல அங்கிள்" என்றாள் தீபா. நல்ல பிள்ளை, மனதாரச் சொன்னாள். "தெரியாம நடந்ததுதான. நீங்க இன்னும் அதயே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க."

சூசைராஜ் அறிவுச்செல்வியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் சாக்பீஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாப்பா" என்றார் சூசைராஜ். "அந்த வண்டிய நான் ஓட்டல."

தீபா அம்மா பக்கம் திரும்பினாள்.

"அங்கிள் மனசு கஷ்டத்துல சொல்றாரு" என்றார் அறிவுச்செல்வி. "நீ உள்ள போ."

தீபா போய்விட்டாள். போகும்போது அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. சூசைராஜ் மோரைக் குடிக்காமல் மேஜையில் வைத்தார். "வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். முதலாளியம்மா முன்னால் எப்போதும் சொல்கிற 'வாரேன்' அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் கத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மொதலாளி செஞ்சதுகூட எனக்கு ஆறிப்போச்சுங்க" என்றாள். "அந்தம்மாவ நீங்க சாமி மாதிரி வச்சிருந்தீங்களே."

"ஆமா" என்றார் சூசைராஜ். பழனிக்குமார் ஏமாற்றியது ஒரு நாளில், பயத்தில் நடந்தது. இது அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, தெரிந்தே செய்தது. யாரை நினைத்துப் பத்து வருடம் தாங்கினாரோ, அவர்தான் அதைச் செய்திருக்கிறார்.

மறுநாள் மில் ஷெட்டில் சாகுல் ஹமீதிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் ஜெசிந்தாவைத் தவிர ஒரு வெளியாளிடம் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். சாகுல் ஹமீது முழுக்கக் கேட்டார். "அடப்பாவிகளா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப நீ ஏன் அன்னைக்கே சொல்லல அப்பு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள். மளிகைக் கடை மூக்கையா கேட்டார். கார் ஸ்டாண்டில் பழைய ஆட்கள் கேட்டார்கள். மூக்கையா நம்பினார், அன்றைக்குப் போன் எடுத்துக் கொடுத்தவர் அவர். மற்றவர்கள், "அப்படியா சங்கதி" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். பத்து வருடம் பேசாத மனிதன் இப்போது வந்து பேசினால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கும் புரிந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை. மில் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து வருகிற பெண்களிடம், ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே, ஊர்ப் பெயர், நாள், கிழமை எல்லாம் வைத்து, முதலிலிருந்து சொன்னார்.